340-ஐ விட்டு 322-ஐ வாங்கிய கதை

பழைய வில்லை மாற்றும்போது இரண்டு காம்பவுண்ட் வில் (முனைகளில் சுழலும் சக்கரங்கள் உள்ள நவீன வில்) கண்ணில் நின்றன. ஒன்றின் விளம்பரத்தில் அம்பு வேகம் விநாடிக்கு 340 அடி, மற்றதில் 322. விலை, எடை, நீளம் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். கடைசியில் 322-ஐ வாங்கினேன்.

அந்த 340 பொய் இல்லை. ஆனால் அது என் வேகமும் இல்லை. ஐபிஓ என்ற அமெரிக்க வில்வேட்டை அமைப்பின் கணக்குப்படி 70 பவுண்டு இழுவிசை, 30 அங்குல டிரா லெங்த் (நாணை முழுதாக இழுக்கும் நீளம்), 350 கிரெயின் (சுமார் 23 கிராம்) எடையுள்ள அம்பு வைத்து அளப்பது அது. எனக்கு டிரா லெங்த் 28 அங்குலம். போட்டிகளில் காம்பவுண்டுக்கு 60 பவுண்டுதான் உச்சவரம்பு. நான் எய்வது 56-ல். அம்பு 380 கிரெயின்.

இப்போது கழித்துப் பாருங்கள். ஓர் அங்குலம் குறைந்தால் சுமார் 10 அடி போகும்; எனக்கு 20 போச்சு. பவுண்டுக்கு 2 அடி வீதம் 28. கூடுதல் 30 கிரெயினுக்கு ஏறக்குறைய 10. நாணில் கட்டும் பீப் (குறிபார்க்கும் துளை), டி-லூப் (நாணைப் பிடித்து இழுக்கும் சிறு கயிற்று வளையம்) இரண்டுக்கும் ஒரு 5. மொத்தம் 63 அடி. அம்பு வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் வைத்து எய்து பார்த்தபோது முதல் வில் 275, இரண்டாவது 262 காட்டின. விளம்பரத்தில் 18 அடியாக இருந்த வித்தியாசம் என் கையில் 13 ஆகிவிட்டது. 50 மீட்டர் இலக்குக்கு அம்பு போய்ச் சேர அதிகமாகும் நேரம் 0.03 விநாடி. தூரம் மாறாத இலக்கு. வில்லில் உள்ள குறிகாட்டியான சைட்டை ஒருமுறை சரிசெய்தால் தீர்ந்தது.

அந்த 13 அடிக்கு நான் கொடுக்க வேண்டிய விலைதான் முடிவைத் தீர்மானித்தது. 340-இல் இருக்கும் வேகமான கேமில் (வில் முனையில் சுழலும் சக்கரம்) இழுவிசை ஆரம்பத்திலேயே முரட்டுத்தனமாக ஏறி, கடைசிவரை இறங்காமல் நின்று, சட்டென்று விழும். முழுதாக இழுத்து நிற்கும்போது இழுவிசை குறைந்திருக்கும் இடமான ‘வேலி’ (valley) மிகக் குறுகல். முதுகு கொஞ்சம் தளர்ந்தாலும் வில் கையை முன்னே பிடுங்கும். பத்து அம்பு வரை தெரியாது. தகுதிச் சுற்றில் 72 அம்பு. ஐம்பதைத் தாண்டியதும் குறிபார்ப்பதை விட்டுவிட்டு வில்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். 322-இல் அந்தத் தொல்லை இல்லை, கடைசி அம்பையும் முதல் அம்பு மாதிரியே இழுக்க முடிகிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: இதை வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது, நாண் எவ்வளவு உழைக்கும் என்று இப்போதே சொல்ல மாட்டேன். தூரத்தைக் கண்ணால் கணிக்க வேண்டிய 3டி போட்டிகளில் (விலங்கு உருவ இலக்குகளை எய்பவை) நான் எய்ததில்லை; அங்கே 13 அடிக்கு மதிப்பு உண்டு. அப்புறம், அந்த 340-ஐ வாங்கியது என்னோடு பயிற்சி செய்யும் ஒரு தம்பி. ஆறடிக்கு மேல் உயரம், டிரா லெங்த் சரியாக 30. அவன் கையில் அதே வில் 58 பவுண்டில் 298 காட்டியது. அவனுக்கு வேலியும் தொல்லையாகத் தெரியவில்லையாம்.