சர்க்கரைப் புண்ணுக்கு ஆக்சிஜன் சிகிச்சை: கோத்தகிரியிலிருந்து போகிறவர்களுக்கு

கோவையில் ஒரு தனியார் மையத்தில் அம்மாவின் பாதப் புண்ணுக்கு ஹைப்பர்பேரிக் ஆக்சிஜன் சிகிச்சை எடுத்தோம். கூண்டு போன்ற அறைக்குள் படுக்க வைத்து, காற்றழுத்தத்தை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றி, சுத்தமான ஆக்சிஜனைச் சுமார் ஒன்றரை மணி நேரம் சுவாசிக்க விடுகிறார்கள். ரத்தத்தில் கரையும் ஆக்சிஜன் கூடி, ஆறாமல் கிடக்கும் புண்ணுக்கும் போய்ச் சேருகிறது. அழுத்தம் ஏறும்போது, மேட்டுப்பாளையம் இறங்கினால் காது அடைக்குமே, அதே மாதிரிதான், எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும்.

டெக்னீஷியன் தங்கமான மனுஷர். உள்ளே இருக்கும்போது சர்க்கரை இறங்கலாம் என்பதால் ஒவ்வொரு முறையும் விரல் நுனியில் குத்திப் பார்த்த பிறகுதான் விட்டார். பருத்தி உடை மட்டும், செல்போன் கூடாது. ஒருநாள் அம்மா தலையில் லேசாக எண்ணெய் இருந்ததற்கே திருப்பி அனுப்பிவிட்டார்! எனக்கு அது பிடித்தது, ஆக்சிஜன் நிறைந்த இடத்தில் தீப்பிடிக்க ஒரு பொறி போதும்.

வரவேற்பு மேசைதான் மோசம். டிரெஸ்ஸிங் செலவு தனி என்று கடைசி வரை வாய் திறக்கவில்லை. வழக்கமாக 30, 40 தடவை போக வேண்டிய சிகிச்சை, மலையிலிருந்து தினமும் இறங்கி ஏற முடியாது, கீழே ரூம் வாடகையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

புண் முழுசாக மூடவில்லை, ஆனால் வெளுத்துக் கிடந்த அடிப்பகுதியில் சிவப்பாகப் புதுச்சதை வந்திருக்கிறது, எங்களுக்கு அதுவே பெரிய நிம்மதி. போவதற்கு முன் காலில் ரத்த ஓட்டம் எப்படி என்று டாப்ளர் ஸ்கேன் பார்த்துவிடுங்கள். ரத்தக் குழாய் அடைத்திருந்தால் முதலில் அதைத்தான் கவனிக்க வேண்டும்.