இறைச்சி முயலுக்குக் குச்சித் தீவனமா, பசுந்தழையா, சந்தைக் கழிவா? வடசென்னை வளர்ப்பாளர்களுக்கு ஓர் அலசல்

மாதவரம், புழல், மீஞ்சூர் பக்கம் முயல் கொட்டகை போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "தீவனம் கிலோ என்ன விலை?" என்றுதான். செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போவதால் அப்படிக் கேட்பது நியாயம்தான். ஆனால் விலைக்கு முன்னால் பார்க்க வேண்டியது முயலின் குடலை.

சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் முயலுக்கு ஒரு பெரிய பை உண்டு. அதிலிருக்கும் நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்க வைத்துச் சத்தாக்குகின்றன. அந்தச் சத்தோடு வரும் மெத்தென்ற புழுக்கையை முயல் வாய் வைத்து நேரடியாக எடுத்துத் தின்னும். புதிதாக வளர்ப்பவர்கள் இதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, அது இயல்பு. பயப்பட வேண்டியது வேறு. நார் குறைந்து மாவுச்சத்து கூடினாலோ, தீவனம் திடீரென்று மாறினாலோ, அந்தப் பையில் கெட்ட கிருமிகள் பெருகிக் கழிச்சல் வரும். பால் மறந்த குட்டிகள் ஓரிரு நாளில் செத்துப் போகும். மூன்று தீவனங்களையும் இதை வைத்துத்தான் எடை போட வேண்டும்.

வியாசர்பாடி, கொடுங்கையூர் மாதிரி நெருக்கமான இடத்தில் மொட்டை மாடியில் வளர்ப்பவருக்குக் குச்சித் தீவனம்தான் (அரைத்துக் கலந்து சிறு குச்சிகளாக அழுத்திய பெல்லட்) முதல் தேர்வு. நல்ல குச்சியில் புரதம் 16 முதல் 18 சதவீதமும், நார் 14 சதவீதத்துக்குக் குறையாமலும் இருக்கும். எல்லாக் குச்சியும் ஒரே கலவை என்பதால் முயல் பிடித்ததைத் தின்று பிடிக்காததை ஒதுக்க முடியாது. வளர்ந்த முயலுக்கு நாளைக்கு 100 முதல் 150 கிராம் போதும். பால் கொடுக்கும் தாய்க்கு மட்டும் அளவு வைக்காதீர்கள், தின்கிற மட்டும் தின்னட்டும்.

குறைகளும் உண்டு. விலை அதிகம். மூட்டையின் அடியில் தங்கும் தூளைச் சலிக்காமல் போட்டால் மூக்கில் ஏறித் தும்மல் வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். மூட்டையைப் பலகை மேல் ஏற்றி, சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் தாங்குகிற அளவுக்கு வாங்க வேண்டாம்.

முயல் தீவனம் கிடைக்காத நாளில் "கோழித் தீவனம் போடுங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். அதில் நார் மிகக் குறைவு. போதாததற்கு, கோழிகளின் ரத்தக் கழிச்சலைத் தடுக்கச் சில தீவனங்களில் சேர்க்கும் சாலினோமைசின், நாராசின் ஆகிய மருந்துகள் முயலுக்கு விஷம்.

பசுந்தழை முயலின் குடலுக்கு இயல்பாகவே ஒத்துப்போகும் தீவனம். வேலிமசால், குதிரைமசால் ஆகிய தீவனப் பயிர்கள், அகத்தி, முருங்கை எல்லாவற்றிலும் புரதம் தாராளம். ஓயாமல் வளரும் பற்களை மெல்லும் வேலையே தேய்த்துவிடும். ஆனால் கணக்குப் போட்டால்தான் சிக்கல் தெரியும். இரண்டரைக் கிலோ முயலுக்கு நாளொன்றுக்கு 100 முதல் 125 கிராம் உலர்பொருள், அதாவது தண்ணீர் நீங்கலான தீவனம், வேண்டும். தழையில் 75 முதல் 85 சதவீதம் தண்ணீர்தான். ஆக, தழை மட்டும் என்றால் ஒரு முயலுக்கே அரைக் கிலோவும் அதற்கு மேலும் போகும். இருபது தாய் முயல் என்றால் தினமும் பத்துக் கிலோவுக்குக் குறையாது, குட்டிகளுக்கு வேண்டியது தனி. சோழவரம், பொன்னேரி பக்கம் நிலம் உள்ளவருக்கு இது முடியும். மாடி வளர்ப்பாளர் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

மழையில் நனைந்த தழையை அப்படியே போட்டால் வயிறு உப்பும். முதல் நாள் மாலையே அறுத்து, நிழலில் வாடவிட்டுப் போடுங்கள். சவுண்டல் (சூபாபுல்) தழையில் உள்ள மிமோசின் என்ற நச்சுப்பொருள் முடியை உதிர வைக்கும் என்பதால் கொஞ்சமாக மட்டும் சேர்க்கலாம். இன்னொன்று, முயல் புழுக்கையை மக்க வைக்காமல் தழைப் பாத்திக்கு எருவாகப் போட்டால், ரத்தக் கழிச்சல் கிருமியை நாமே திரும்பக் கூண்டுக்குக் கொண்டுவருகிறோம்.

தழையோடு சேர்க்க வீட்டிலேயே அடர்தீவனம் (தவிடு, புண்ணாக்கு போன்றவற்றின் கலவை) கலப்பவர்களுக்குச் செங்குன்றம் அரிசி ஆலைத் தவிடு கைக்கெட்டும் தூரம். புதிதாக வாங்கிச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள், வெயிலில் சிக்கு வாடை வந்துவிடும். கடலைப் புண்ணாக்கில் பச்சைப் பூஞ்சை தெரிந்தால் மூட்டையோடு ஒதுக்கிவிடுங்கள், அந்த நஞ்சு ஈரலைக் கெடுக்கும்.

சந்தைக் கழிவை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கோயம்பேட்டிலிருந்து மூட்டை மூட்டையாக முட்டைகோஸ் இலை மலிவாக வரலாம். இன்று கோஸ், நாளை முள்ளங்கி, மறுநாள் வேறு ஏதோ என்று தினம் மாறுவதுதான் முயல் குடலுக்கு ஆகவே ஆகாது. கோஸ் வாயுவைக் கிளப்பும். குவியலில் சூடேறி அழுகிய இலையும், பூச்சிமருந்தும் கூடவே வரும். மீந்த சோறு, ரொட்டி அறவே கூடாது. வளர்ந்த முயலுக்குக் கேரட் தழை, முள்ளங்கி இலை கழுவி, வாடவைத்து ஒரு கைப்பிடி தரலாம். மூன்று மாதத்துக்குட்பட்ட குட்டிக்கு அதுவும் வேண்டாம். ஓர் ஈற்றில் ஆறேழு குட்டி போனால், மிச்சம் பிடித்த தீவனக் காசெல்லாம் அதோடு சரி.

என் தீர்ப்பு: நாளின் தேவையில் பெரும்பகுதி குச்சித் தீவனம், அதோடு ஒரு கட்டு வாடிய தழை அல்லது காய்ந்த கடலைக்கொடி. நிலம் உள்ளவர்கள் தழையைக் கூட்டிக் குச்சியைக் குறைக்கலாம், ஆனால் அந்த மாற்றத்தை ஏழு முதல் பத்து நாளில் படிப்படியாகச் செய்யுங்கள்.

குச்சி தின்னும் முயல் தின்ற எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். மீஞ்சூர் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் ஏறியிருக்கிறது. போர் தண்ணீர் உங்கள் வாயிலேயே உப்புக் கரித்தால் முயலும் குறைத்துத்தான் குடிக்கும், தீனியும் குறையும். மெட்ரோ தண்ணீரோ லாரித் தண்ணீரோ பிடித்து வையுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் கொட்டகைக்குள் 35 டிகிரி தாண்டினால் உயிருக்கே ஆபத்து. அந்த நாட்களில் பகல் தீனியைக் குறைத்து, பெரும்பங்கை மாலை ஆறு மணிக்கு மேல் போடுங்கள். முயல் இரவில்தான் நன்றாகத் தின்னும்.

காலையில் கூண்டுக்கு அடியில் புழுக்கை சிறுத்தோ, இளகியோ, இல்லாமலோ இருந்தால் அன்றே கவனியுங்கள். மருந்துக்கடையில் கேட்டு அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைப் புகட்டாதீர்கள். அது குடலின் நல்ல கிருமிகளையும் அழித்து முயலைக் கொன்றுவிடும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்குப் பக்கம்தான். போகும்போது புழுக்கையைக் கொஞ்சம் டப்பாவில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.