பேரங்காடியில் விற்கும் 'கேன்சர் பேக்கேஜ்': வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் என் தப்பும் இருக்கிறது. அது கடைசியில் வரும்.

போன தீபாவளிக்கு முந்தின வாரம், பினாங்கு மாநிலத்தில் பிறை என்ற ஊரில் ஒரு பேரங்காடி. நகைக்கடைக்கும் ஃபோன் கடைக்கும் நடுவில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைக் கோட்டு, பிரஷர் பார்க்கும் மெஷின், "ஒரே ஊசி, 12 வகைப் புற்றுநோய்" என்று ஆள் உயர பேனர். அதாவது ஒரே தடவை ரத்தம் எடுத்துப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் பேக்கேஜ். அம்மாவுக்குச் சேலை எடுக்கப் போனவள் நான். அரை மணி நேரத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்குமாக, தலைக்கு 588 வெள்ளி (ரிங்கிட்), மொத்தம் 1,176 வெள்ளி கார்டில் தேய்த்துவிட்டு வந்தேன். அந்த மேசையில் இருந்த பெண் தமிழ்ப் பிள்ளை, "அக்கா, அங்கிளுக்கு வயசு 58 ஆச்சு, இனிமே லேட் பண்ணக் கூடாதுக்கா" என்று அவ்வளவு அக்கறையாகப் பேசினாள். வயசைப் பற்றி அவள் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் கொடுமை.

பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. கல்யாணப் பத்திரிகை மாதிரி வழவழப்பான ஃபைல். முதல் இரண்டு பக்கம் முழுக்கப் பச்சை டிக். புற்றுநோய் இருந்தால் ரத்தத்தில் ஏறக்கூடிய 'மார்க்கர்'கள் என்று மூன்று பெயர்: சி.இ.ஏ. நார்மல், சி.ஏ. 19-9 நார்மல், ஏ.எஃப்.பி. நார்மல். "பெருங்குடல், கணையம், கல்லீரல்: அபாயம் இல்லை" என்று கொட்டை எழுத்தில். அப்பா அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார். பொய் இல்லை, நிஜமாகவே வைத்தார்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு சின்ன வரி சிவப்பில் இருந்தது. ஹீமோகுளோபின் 10.1. ஆண்களுக்கு 13-க்குக் கீழே போகக் கூடாது. அதற்கடுத்த வரியில் எம்.சி.வி. 71, அதாவது சிவப்பணுக்கள் அளவில் சின்னதாகியிருக்கின்றன, அது 80-க்கு மேல் இருக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு இப்போதுதான் தெரியும். அன்றைக்கு விளக்கம் சொன்னவர் டாக்டர் இல்லை, 'வெல்னஸ் ஆலோசகர்'. "அங்கிளுக்கு ரத்தம் கொஞ்சம் கம்மி, கீரை சாப்பிடட்டும்" என்று சொல்லி 96 வெள்ளிக்கு இரும்புச் சத்து மாத்திரையும், குடலைச் சுத்தம் செய்து புற்றுநோயைத் தடுக்கும் என்று 180 வெள்ளிக்கு ஒரு டின் பவுடரும் தலையில் கட்டினார்.

அம்மாவுக்கு வேறு கதை. ரத்தத்தில் எச்.பைலோரி கிருமி பாசிட்டிவ் என்று வந்தது, "நோபல் பரிசு வாங்கின டெஸ்ட் ஆண்டி இது" என்றார்கள். நோபல் பரிசு 2005-இல் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த இரண்டு ஆஸ்திரேலியர்களுக்குக் கிடைத்தது, இவர்கள் டெஸ்டுக்கு இல்லை. கிருமி எப்போதோ இருந்து போயிருந்தாலும் ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் காட்டலாம், இப்போது இருக்கிறதா என்று பார்க்க மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்ய வேண்டும். இருந்தால் இரண்டு வகை ஆண்டிபயாட்டிக்கும் அமிலம் குறைக்கும் மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பார்கள். வயிற்றுப் புண்ணுக்கும் இரைப்பைப் புற்றுநோய்க்கும் காரணமாகிற கிருமி அது, அலட்சியப்படுத்தக் கூடாதுதான். ஆனால் அம்மாவுக்குக் கொடுத்தது தயிர் வாசனை வீசும் பாக்கெட் பவுடர்.

சரி, அப்பாவுக்கு வருகிறேன். பினாங்குத் தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறார். விடிகாலை நாலரைக்குக் கிளம்பி பாலம் தாண்டிப் போய், மதியம் வந்து படுத்து, மறுபடி சாயந்திர ஷிஃப்டுக்கு ஓடுகிறவர் களைப்பாக இருக்கிறது என்றால் யாருக்குச் சந்தேகம் வரும்? மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, வயசு என்றோம். மலம் கறுப்பாகப் போனது, இரும்பு மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் போகும் என்று அந்த ஆலோசகரே வாட்ஸ்அப்பில் சொன்னார். அது உண்மையும்கூட. பார்த்தால் தெரிகிற மாதிரி ரத்தம் ஒரு நாளும் போகவில்லை, வலி இல்லை. கேட்டால் சாமி படத்தைக் காட்டுவார், "அதான் எல்லாம் பச்சைன்னு வந்துருச்சே".

எட்டு மாதம் இப்படியே போனது. பயணிகள் பஸ் ஓட்டுவதற்கான பி.எஸ்.வி. லைசென்ஸ் புதுப்பிக்க உடம்பைக் காட்டப் போன இடத்தில்தான் ஒரு டாக்டர் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, இவ்வளவு வெளிறியிருக்கிறதே என்று அரசாங்கக் கிளினிக்குக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே இருந்த மலாய் டாக்டரம்மா பழைய ரிப்போர்ட் ஏதாவது இருக்கிறதா என்று கேட்க, நான் பெருமையாக அந்த வழவழப்பு ஃபைலை நீட்டினேன். பச்சைப் பக்கங்களைப் பார்க்கக்கூட இல்லை, திருப்பிக்கொண்டே போனார். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது. "எட்டு மாதத்துக்கு முன்னால் எடுத்ததா? இதைப் பார்த்து யாரும் உங்களை எங்கேயும் அனுப்பவில்லையா?"

எனக்கு அந்த நாற்காலியிலேயே வியர்த்துவிட்டது.

அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். சிவப்பணு சின்னதாக இருந்தால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறாகவும் இருக்கலாம், நம் நாட்டில் அது நிறைய உண்டு. அதனால் ஃபெரிட்டின் என்று இரும்புச் சேமிப்பைப் பார்ப்பார்கள். அப்பாவுக்கு அது மாத்திரை சாப்பிட்ட பிறகும் அடிமட்டத்தில் இருந்தது. மாதவிடாய் இல்லாத ஓர் ஆணுக்கு, அதுவும் ஐம்பது தாண்டியவருக்கு, இரும்பு இப்படிக் குறைந்தால் எங்கேயோ ரத்தம் கசிகிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும், அது பெரும்பாலும் இரைப்பையாகவோ குடலாகவோ இருக்கும். பெருங்குடலின் வலது பக்கத்தில் கட்டி இருந்தால் ரத்தம் மலத்தோடு கலந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. கீரை கொடுத்து அனுப்புகிற விஷயமே இல்லை இது.

கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும் ஸ்கோப், மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று. அரசாங்க ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் காத்திருந்தோம். முதல் நாள் வெறும் கஞ்சித் தண்ணீர், அப்புறம் லிட்டர் கணக்கில் உப்புக்கரிக்கும் மருந்து. "பஸ் டேங்க்கைக் கழுவுற மாதிரி என்னைக் கழுவிட்டாங்க" என்றார் அப்பா. அன்றைக்கு அவர் சிரித்தது அது ஒன்றுக்குத்தான். வலது பக்கப் பெருங்குடலில் கட்டி. போகிற வழியில் இருந்த இரண்டு சின்ன பாலிப்புகளை, அதாவது குடலின் உள்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சிகளை, அப்போதே கம்பி வளையம் போட்டு எடுத்துவிட்டார்கள். அந்தப் பாலிப் சைஸில் இருக்கும்போதே பிடித்துவிட்டால் புற்றுநோயே வராமல் தடுத்துவிடலாமாம், பாலிப் புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருஷம் போல ஆகும் என்றார்கள். ஆபரேஷனில் குடலில் ஒரு பகுதி போனது. நிணநீர் முடிச்சு இரண்டில் பரவியிருந்தது. மூன்றாம் நிலை. இப்போது கீமோ ஓடிக்கொண்டிருக்கிறது. எட்டு மாதம் முன்னால் வந்திருந்தால் இரண்டாம் நிலையாக இருந்திருக்குமா என்று சர்ஜனிடம் கேட்டேன், அவர் பதில் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, எனக்குப் புரிகிறது.

இப்போது முக்கியமானது. ஆபரேஷனுக்கு முதல் நாள், வயிற்றுக்குள் கட்டி இருக்கும்போதே, ஆஸ்பத்திரியில் எடுத்த சி.இ.ஏ. எவ்வளவு தெரியுமா? 3.4. நார்மல். அந்த மேசைக்காரர்களிடம் போயிருந்தால் அன்றைக்கும் பச்சை டிக் போட்டிருப்பார்கள். ரத்தத்தில் பார்க்கும் இந்த மார்க்கர்கள் ஆரம்ப நிலையில் பலருக்கு ஏறுவதே இல்லை, சிகரெட் பிடிப்பவர்களுக்குப் புற்று இல்லாமலேயே சி.இ.ஏ. ஏறும். நோய் இருப்பது தெரிந்த பிறகு, சிகிச்சை வேலை செய்கிறதா, திரும்ப வருகிறதா என்று பார்க்கத்தான் டாக்டர்கள் இதை வைத்திருக்கிறார்கள். நன்றாக நடமாடுகிற மனிதருக்குப் புற்றுநோய் இல்லை என்று சர்ட்டிஃபிகேட் கொடுக்க அல்ல.

உண்மையான முன்பரிசோதனை இருந்தது, அதுவும் நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே. அரசாங்கக் கிளினிக்கில் ஐ.எஃப்.ஓ.பி.டி. என்று கேளுங்கள், மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட். 50 முதல் 75 வயது வரை, எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு. சின்னக் குச்சியால் மலத்தில் கொஞ்சம் தொட்டுக் குழாயில் போட்டுக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். மனித ரத்தத்தை மட்டும் கண்டுபிடிக்கும், அதனால் முந்தின நாள் ஆட்டுக்கறி சாப்பிட்டாலும் பரவாயில்லை. அம்மாவுக்கு அன்றைக்கே கையில் கொடுத்து அனுப்பினார்கள், செலவு பதிவுக்கட்டணம் ஒரு வெள்ளி. 588 எங்கே, ஒன்று எங்கே! பாசிட்டிவ் வந்தால் ஸ்கோப்புக்கு அனுப்புவார்கள், நெகட்டிவ் வந்தாலும் டாக்டர் சொல்கிற இடைவெளியில் திரும்பச் செய்ய வேண்டும். ஆனால் ரத்தம் போகிறது, காரணமில்லாமல் எடை குறைகிறது, வெளிக்குப் போகும் பழக்கம் மாறியிருக்கிறது, ரத்தசோகை இருக்கிறது என்றால் இந்தக் குழாயோடு நிற்காதீர்கள், நேராக டாக்டரிடம் போங்கள். மலேசியாவில் ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் இந்தப் பெருங்குடல் புற்றுநோய்தான் என்று 2012 முதல் 2016 வரையிலான தேசியப் பதிவேடு சொல்கிறது. பாதிக்கு மேற்பட்டவர்கள் மூன்றாம், நான்காம் நிலையில்தான் வந்து சேருகிறார்கள். மலத்தைக் குழாயில் போடக் கூச்சம். எனக்கும்தான் இருந்தது.

கம்பெனிக்கு ஃபோன் போட்டேன். ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில், எறும்பு சைஸ் எழுத்தில், "இது மருத்துவ ஆலோசனைக்கு மாற்றல்ல" என்று போட்டிருக்கிறதாம். பணம் திரும்பக் கிடைக்காது, அடுத்த பேக்கேஜில் 30 சதவீதம் தள்ளுபடி தரலாம் என்றார்கள். ஃபோனை வைத்துவிட்டேன். அந்தப் பவுடர் டின்னைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், புற்றுநோயைத் தடுக்கும் என்று மருந்தையோ பொருளையோ விளம்பரம் செய்வது 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டப்படி குற்றம். சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவுக்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என் தப்பு என்னவென்றால், ரிப்போர்ட் வந்த அன்று அதைப் படம் பிடித்துக் குடும்பக் குரூப்பிலும் கோயில் குரூப்பிலும் போட்டேன். ஆள் சேர்த்தால் தலைக்கு 50 வெள்ளி வவுச்சர். ஆறு பேர் வாங்கினார்கள். ஐந்து பேரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன்.

ஆறாவது ஆள் சித்தப்பா, வயது 55. உடன்பிறந்தவருக்கு அறுபதுக்குள் வந்திருப்பதால் அவருக்குக் குழாய் டெஸ்ட் போதாது, நேராக ஸ்கோப்தான் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். போய்ச் சொன்னால் அவரும் ஃபைலை எடுத்து வருகிறார், "எனக்கும் எல்லாம் பச்சைம்மா, நீதானே அனுப்பி வெச்ச" என்று. வாங்கி மூன்றாம் பக்கத்தைத் திருப்பினேன். ஹீமோகுளோபின் 13.9.

"பாத்தியா" என்றார்.

"இருந்தாலும் போகணும் சித்தப்பா."

வியாழக்கிழமை அவர் கடைக்கு லீவு. காலை ஏழு மணிக்குப் போய் வண்டியில் ஏற்றிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன், சித்தியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.