முன் சைட்டுக்கு ஒரு துளி நிறம்: குறைந்த செலவுப் பூச்சுகள் ஒரு மதிப்பீடு

பிஸ்டலின் முன் சைட், அதாவது குறிபார்ப்பதற்காகக் குழல் முனையருகே நிற்கும் சிறு தகடு, கண்ணுக்குச் சரியாகப் பிடிபடவில்லை என்று யாராவது சொன்னால், சைட்டையே மாற்றிவிடுங்கள் என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் ஆலோசனை. தானே ஒளிரும் டிரிட்டியம் வாயு அடைத்த குப்பி பதித்த சைட்டுகளும், ஒளியைச் சேகரிக்கும் ஃபைபர் ஆப்டிக் தண்டு பொருத்திய சைட்டுகளும் நல்லவைதான். ஆனால் அவற்றின் விலை ஒரு புறமிருக்க, பழையதை ஸ்லைடிலிருந்து (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) தள்ளி எடுத்துப் புதியதைப் பொருத்துவதற்குத் தனிக் கருவியோ அந்த வேலை தெரிந்தவரின் உதவியோ வேண்டும். அந்தச் செலவுக்குப் போவதற்கு முன், எழுதுபொருள் கடையிலும் அழகுசாதனக் கடையிலும் கிடைக்கும் பூச்சுகளைக் கொண்டே எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்ப்பதுதான் இந்த மதிப்பீட்டின் நோக்கம். ஒயிட்னர், நெயில் பாலிஷ், ஃப்ளோரசன்ட் அக்ரிலிக் பெயிண்ட், பெயிண்ட் மார்க்கர், இருளில் ஒளிரும் பெயிண்ட் ஆகியவற்றை வெறும் கறுப்பு முன் சைட்டில் ஒவ்வொன்றாகப் பூசிப் பார்த்தேன். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஃபைபர் ஆப்டிக் சைட்டையும் பயன்படுத்தினேன்.

பூச்சால் எது நடக்கும், எது நடக்காது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கண்ணுக்கு அருகில் பிளவோடு இருக்கும் பின் சைட், அந்தப் பிளவின் நடுவே மட்டம் பார்க்கும் முன் சைட், இலக்கு என்ற மூன்றும் மூன்று வெவ்வேறு தொலைவுகளில் இருக்கின்றன. கண்ணோ ஒரு நேரத்தில் ஒரு தொலைவை மட்டுமே தெளிவாகக் காணும். அதனால்தான் பார்வையை முன் சைட்டில் நிறுத்து என்று பயிற்சியாளர்கள் பலரும் சொல்கிறார்கள். நாற்பது வயதையொட்டிக் கண்ணின் வில்லை இறுகத் தொடங்கும்போது, நீட்டிய கையின் முனையில் இருக்கும் அந்தச் சிறு தகட்டின் ஓரங்கள் கலங்கித் தெரியும். எந்தப் பெயிண்டும் அந்தக் கலங்கலைப் போக்காது. முன் சைட்டின் தொலைவுக்கு ஏற்ற கண்ணாடிதான் அதற்கு மருந்து. பூச்சு செய்வது வேறு வேலை. பிஸ்டலை உயர்த்திய கணத்தில் கண் தேடி அலையாமல் நேராக முன் சைட்டுக்குப் போய்ச் சேர அது உதவுகிறது. விரைவாகச் சுட வேண்டிய பயிற்சிகளில் இந்த உதவி பெரியது.

மலிவிலேயே மலிவானது ஒயிட்னர். ஏமாற்றம் தந்ததும் அதுதான். கறுப்புச் சைட்டில் வெள்ளைப் புள்ளி நன்றாகத்தான் தெரிகிறது, ஆனால் வெள்ளைத் தாள் இலக்கின் முன்னால் பிடித்தவுடன் அது பின்னணியோடு கலந்து மறைந்துவிடுகிறது. காய்ந்த படலம் சுண்ணாம்பைப் போல உதிரக்கூடியது என்பதால், உறையில் சில முறை போட்டு எடுத்தாலே ஓரங்கள் பெயர்ந்துவிடுகின்றன. தனிப் பூச்சாக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பெயிண்ட் மார்க்கரின் படலம் உறுதியானது, எண்ணெயையும் ஓரளவு தாங்குகிறது. குறை அதன் முனையில்தான் இருக்கிறது. வழக்கமான முன் சைட்டின் அகலம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். மார்க்கரின் முனையை அதன் மேல் நேரடியாக வைத்தால் மை பக்கவாட்டில் வழிந்துவிடும். ஒரு துண்டு அட்டையில் மையை அழுத்திச் சொட்டவிட்டு, பல்குத்தும் குச்சியின் நுனியால் தொட்டு வைத்தால் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. வெள்ளை மார்க்கர், அடுத்துச் சொல்லப்போகும் ஃப்ளோரசன்ட் நிறங்களுக்கு அடிப்பூச்சாக மிகவும் பொருத்தமானது.

உண்மையில் மனத்தைக் கவர்ந்தவை ஃப்ளோரசன்ட் நிறங்கள்தான். சாதாரண நிறமி தன் மேல் படும் ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புவதோடு நின்றுவிடும். ஃப்ளோரசன்ட் நிறமியோ புற ஊதாக் கதிரையும் நீல ஒளியையும் உள்வாங்கி, அந்த ஆற்றலைத் தன் நிறத்திலேயே வெளிவிடுகிறது. அதனால்தான் பகல் வெளிச்சத்தில் அது தானே எரிவதுபோல் தோன்றுகிறது. மேகமூட்டமான நாளிலும் புற ஊதாக் கதிர் வந்துகொண்டே இருப்பதால் திறந்தவெளிச் சுடுதளத்தில் இதன் பலன் குறைவதில்லை. மஞ்சள் குண்டு பல்பு எரியும் உள்ளரங்கில் அந்தப் பளபளப்பு பெருமளவு அடங்கிவிடுகிறது, ஏனெனில் அந்த ஒளியில் நீலமும் புற ஊதாவும் மிகக் குறைவு. வெள்ளை எல்இடி விளக்குகளில் நீல ஒளி இருப்பதால் அங்கே நிலைமை மேல்.

இந்த நிறமிகள் ஒளி ஊடுருவும் தன்மை கொண்டவை. கறுப்பு எஃகின் மேல் நேரடியாகப் பூசினால் அடியிலுள்ள கறுப்பு எல்லாவற்றையும் விழுங்கி, மங்கிய பழுப்பு ஒன்றுதான் மிஞ்சும். அடியில் வெள்ளை இருந்தால் கீழே இறங்கும் ஒளியும் திரும்பி மேலே வருகிறது. இந்தப் பூச்சு வேலை செய்யவில்லை என்று கைவிட்டவர்களில் பலர் இந்த வெள்ளை அடிப்பூச்சைத் தவிர்த்தவர்களாகவே இருப்பார்கள் என்பது என் கணிப்பு.

நெயில் பாலிஷா, அக்ரிலிக்கா என்றால், பூசுவதற்கு எளிது நெயில் பாலிஷ். சீக்கிரம் காயும், தானாகவே மட்டமாகப் பரவும், பளிச்சென்ற படலம் தரும். ஆனால் அது நைட்ரோசெல்லுலோஸ் அடிப்படையிலானது. அசிட்டோன் பட்டவுடன் கரைந்துவிடும், குழல் துடைக்கப் பயன்படும் சில கரைப்பான்களும் அதை இளக்கிவிடும். துப்பாக்கியை அடிக்கடி சுத்தம் செய்பவர்கள் முன் சைட்டின் பக்கம் கரைப்பான் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அக்ரிலிக் நீரில் கலந்த நிலையில் வருவதால் காயச் சற்றுக் கூடுதல் நேரம் எடுக்கும், இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகளும் தேவைப்படும். காய்ந்தபின் துப்பாக்கி எண்ணெயால் அதற்கு எதுவும் ஆவதில்லை. பளபளப்பற்ற, கண் கூசாத மேற்பரப்பு தருவதும் அக்ரிலிக்தான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் அக்ரிலிக்கைத்தான் எடுப்பேன், அதன் மேல் நிறமற்ற பூச்சு ஒன்றும் கொடுப்பேன். எதைப் பூசினாலும் சரி, வெயிலில் ஃப்ளோரசன்ட் நிறம் வெளுக்கத்தான் செய்யும். அவ்வப்போது புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

எந்த நிறம் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பகல் ஒளியில் மனிதக் கண்ணின் உணர்திறன் 555 நானோமீட்டரை ஒட்டிய மஞ்சள் கலந்த பச்சையில் உச்சத்தை எட்டுகிறது. மங்கிய ஒளியில் அந்த உச்சம் 507 நானோமீட்டரை நோக்கி, அதாவது நீலத்தின் பக்கமாக நகர்கிறது. சிவப்பு அந்தி வேளையில் முதலில் கறுத்துப்போவதற்கு இதுவே காரணம். எனவே வெளிச்சம் குறைந்த இடங்களில் சுடுபவருக்குப் பச்சை மேல். புல்லும் மரமும் பின்னணியாக இருக்கும் திறந்தவெளியில் ஆரஞ்சு தனித்து நிற்கிறது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்குச் சிவப்பு பச்சை வேறுபாட்டில் குறைபாடு உண்டு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நண்பருக்குப் பொருந்திய நிறம் நமக்கும் பொருந்த வேண்டும் என்பதில்லை. ஒரு கறுப்பு அட்டையில் இரண்டு நிறங்களையும் சிறு கட்டங்களாகப் பூசி, வழக்கமாகச் சுடும் இடத்தின் வெளிச்சத்தில் கையை நீட்டிப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.

இருளில் ஒளிரும் பெயிண்டைப் பற்றி எதிர்பார்ப்பு அதிகமாக இருக்கும் என்பதால் தெளிவாகவே சொல்கிறேன்: இதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம். ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் கொண்ட பெயிண்ட், பழைய துத்தநாக சல்பைடு வகையைவிடப் பன்மடங்கு நேரம் ஒளிர்கிறது என்பது உண்மைதான். ஆனால் டார்ச்சால் ஒளியூட்டிய முதல் சில நிமிடங்களுக்குப் பிறகு அதன் பிரகாசம் வேகமாகச் சரிகிறது. அதன் துகள்கள் பருமனானவை. அந்தச் சிறிய இடத்தில் தடித்துப் பூசினால்தான் ஒளிரும், தடித்துப் பூசினாலோ மேற்பரப்பு சொரசொரப்பாகி ஓரங்கள் கெட்டுவிடும். 12.3 ஆண்டு அரை ஆயுள் கொண்ட டிரிட்டியம் வெளி ஒளியின் துணையின்றித் தானே ஒளிர்வது. அதற்கு இது ஈடாகாது.

இனிப் பூசும் முறை. தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னிழுத்துப் பூட்டி, சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம்) காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். ஸ்லைடைத் தனியாகக் கழற்றி வைத்துச் செய்வது இன்னும் நல்லது. சைட்டில் படிந்த எண்ணெயைப் போக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு போதும். அசிட்டோன் வேண்டாம், பிளாஸ்டிக் சைட்டையும் ஃபைபர் ஆப்டிக் தண்டையும் அது கெடுத்துவிடும். முன் சைட்டில் ஏற்கெனவே டிரிட்டியம் குப்பி இருந்தால் அதன் முகத்தைத் தொடாமல், சுற்றியுள்ள வளையத்தில் மட்டும் பூச வேண்டும்.

சைட்டின் பின்முகத்தில், சுடுபவரைப் பார்க்கும் பக்கத்தில் மட்டுமே பூச்சு இருக்க வேண்டும். மேல்விளிம்பில் ஒரு சொட்டுகூட ஏறக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன், அதற்குக் கணக்கும் இருக்கிறது. இரண்டு சைட்டுகளுக்கும் இடையே 160 மில்லிமீட்டர் இருக்கும் பிஸ்டலில், முன் சைட்டின் உயரம் 0.1 மில்லிமீட்டர் கூடினால் 25 மீட்டர் தொலைவில் தோட்டா ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் கீழே படும். அதோடு, மேல்விளிம்பில் திரண்ட பெயிண்ட் உருண்டு நிற்பதால், பின் சைட்டோடு மட்டம் பார்ப்பதற்குக் கூரிய கோடு இல்லாமல் போகிறது. விளிம்பின் மேல் காகித டேப் ஒட்டிவிட்டுப் பூசி, படலம் முழுதாக இறுகும் முன்பே டேப்பை உரித்தால் ஓரம் நேராக வரும். இன்னொரு சங்கதி: புள்ளியைச் சைட்டின் நடுவில் வைத்தால், அவசரத்தில் கண் விளிம்பை விட்டுவிட்டுப் புள்ளியையே இலக்கில் வைக்கும், குழலின் முனை உயர்ந்து தோட்டா மேலே போகும். ஆகவே வட்டப் புள்ளியைவிட, விளிம்புக்குச் சற்றே கீழே தொடங்கி முகம் முழுவதும் இறங்கும் பட்டைதான் எனக்குப் பிடித்தது.

இத்தனை பூச்சுகளைப் பார்த்த பிறகும், செலவே இல்லாத ஒரு மாற்றம்தான் அதிகப் பலன் தந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. பல பிஸ்டல்களில் தொழிற்சாலையிலேயே பின் சைட்டில் இரண்டு வெள்ளைப் புள்ளிகளோ வெள்ளைக் கோடோ போட்டுத் தருகிறார்கள். அவை கண்ணுக்கு முன் சைட்டைவிட அருகில் இருப்பதால் பார்வையை இழுத்துக்கொள்கின்றன. ஒரு கறுப்பு மார்க்கரால் அவற்றை மறைத்தவுடன், முன் சைட்டில் மிகச் சாதாரணமான பூச்சு இருந்தால்கூட அது துள்ளி முன்னே வருகிறது. மார்க்கர் மை சிலவற்றில் ஊதாப் பளபளப்பு தெரியும். அது உறுத்தினால் பளபளப்பற்ற கறுப்பு அக்ரிலிக் ஒரு தொடு போதும்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில், 59.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள கறுப்பு வட்டத்தின் கீழே, வெள்ளைப் பகுதியில் முன் சைட்டின் விளிம்பை நிறுத்திச் சுடுபவருக்குக் கூரிய கறுப்பு ஓரமே வேண்டும். நிறப் பூச்சு அவருக்குக் கெடுதல்தான். அவர் செய்ய வேண்டியது நேர்மாறானது: சைட்டின் பளபளப்பைப் போக்கி இன்னும் கறுப்பாக்குவது.

ஒப்பீட்டுக்கு எடுத்த ஃபைபர் ஆப்டிக் சைட், வெயிலில் எந்தப் பெயிண்டையும்விடப் பிரகாசமாகவே இருந்தது. பக்கவாட்டில் விழும் ஒளியைச் சேகரித்து நுனியில் குவித்துத் தரும் அமைப்பாயிற்றே. ஆனால் அந்தத் தண்டு முறியக்கூடியது, வெளிச்சம் குறைந்த அறையில் வெறும் சாம்பல் புள்ளியாகிவிடுகிறது. வெயிலில் போட்டி சுடுபவர் அதை வாங்கலாம். மற்றவர்களுக்கு வெள்ளை அடிப்பூச்சு, அதன் மேல் ஃப்ளோரசன்ட் அக்ரிலிக், கறுப்பாக்கிய பின் சைட் என்ற இந்த ஏற்பாடே போதும். நிறம் பிடிக்கவில்லையென்றால் மரக்குச்சியின் நுனியை ஆல்கஹாலில் நனைத்துச் சுரண்டினால், சைட்டில் கீறல் விழாமல் படலம் பெயர்ந்து வந்துவிடும். அதே மாலையில் வேறு நிறத்தைப் பூசிப் பார்க்கலாம்.