கிராமக் குடிநீர்: வாரியமா, ஊராட்சியா?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பற்களில் கறை படியும். நாள்பட்டால் எலும்பும் பாதிக்கப்படும். இதற்கு ஊராட்சித் தலைவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் வழியில்லை. ஊருக்குள் இன்னொரு ஆழ்துளைக் கிணறு போட்டாலும் பெரும்பாலும் அதே நீர்தான் வரும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைக் கொண்டுவந்த பிறகே விடிவு பிறந்தது. இத்தகைய வேலைக்குப் பொறியாளர்களும் பெரும் முதலீடும் கொண்ட குடிநீர் வடிகால் வாரியம்தான் வேண்டும். நீராதாரம் தொலைவில் இருந்தால் என் தேர்வு வாரியமே.

ஊர்த் தொட்டிக்கு நீர் வந்து சேர்ந்த பிறகு கதை வேறு. எந்தத் தெருவுக்கு எப்போது திறப்பது, குளோரின் கலந்தார்களா, மேட்டுத் தெருவுக்கும் காலனிக்கும் நீர் ஏறுகிறதா என்பதையெல்லாம் மாவட்டத் தலைநகரில் இருந்துகொண்டு கவனிக்க முடியாது. மோட்டார் பழுதானால் மக்கள் காலிக் குடத்தோடு போய் நிற்பது தலைவர் வீட்டு வாசலில்தான். அந்த நெருக்கம் மிகப் பெரிய பலம். அதே நெருக்கத்தால் தலைவரின் உறவினர் தெருவுக்கு மட்டும் நீர் தாராளமாக வருவதும் உண்டு. அதைத் தட்டிக் கேட்கவும் கிராம சபை என்று ஓர் இடம் இருக்கிறது. வாரியத்தைக் கேள்வி கேட்க ஊர்மக்களுக்கு அப்படி ஓர் இடம் இல்லை.

கேரளத்தின் ஜலநிதி போலப் பயனாளிகள் குழுவே திட்டத்தை நடத்துவது மூன்றாவது வழி. சிறு திட்டங்களுக்கு நல்லது. பெரிய பழுது வந்தால் குழுவின் கையிருப்பு தாங்காது.

கழிப்பறை விஷயத்தில் ஊராட்சிக்கு மாற்றே கிடையாது. 2014-இல் தொடங்கிய தூய்மை இந்தியா திட்டம் வீட்டுக்கு 12,000 ரூபாய் கொடுத்தது, கட்டடம் எழுந்தது. இரட்டைக் குழியில் ஒன்று நிரம்பினால் மற்றதற்கு மாற்ற வேண்டும், நிரம்பியதை மட்க விட வேண்டும் என்று வீடு வீடாகச் சொல்ல உள்ளூர் ஆள் வேண்டும்.

ஊராட்சி தவறிவிட்டது என்று சொல்பவர்கள் அதற்கு எதைக் கொடுத்தோம் என்றும் பார்க்க வேண்டும். மத்திய அரசின் 15-ஆவது நிதிக்குழு ஊராட்சிகளுக்கான மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் ஒதுக்கியது; தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லாவிட்டால் அந்தப் பணத்துக்கு ஊரில் யார் பொறுப்பு? தமிழ்நாட்டில் 2016 அக்டோபர் முதல் 2019 டிசம்பர் வரை ஊரக உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. ஒன்பது மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. அத்தனை காலமும் தனி அலுவலர்களே ஊராட்சிகளை நடத்தினார்கள். அவர்களிடம் குடத்தோடு போய் நிற்க ஊருக்குள் ஒரு வாசல்கூட இல்லை.