லிங்க் ஏ.ஆர்.டி. மையம்: மாத்திரைக்கு முழு மார்க், மருந்து தரும் இடத்துக்கு இல்லை

எச்.ஐ.வி. கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் 2004 ஏப்ரல் முதல் இலவசம். பெரிய ஊரில் இந்த மருந்து தரும் மெயின் ஏ.ஆர்.டி. மையம், தாலுகா ஆஸ்பத்திரியில் அதன் கிளையான லிங்க் மையம். கிராமத்துப் பெண்ணுக்கு எது தேவலை?

முதலில் மாத்திரை. டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம், மூன்றும் சேர்ந்து நாளுக்கு ஒன்றே ஒன்று. முன்பு கொடுத்த எஃபாவிரென்ஸ் மருந்து தந்த தலைசுற்றலும் கெட்ட கனவும் இதில் குறைவு. விடாமல் போட்டு, வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸின் அளவு, கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே நின்றால், உடலுறவில் தொற்று பரவாது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

காரியம் கெடுவது பாட்டிலில். 30 மாத்திரை பைக்குள் கலகலவென்று சத்தம் போடும். மாமியார் காதில் விழுமே என்று கடுகு டப்பாவில் கொட்டி வைக்கிறார்கள். பாட்டிலுக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் சும்மா போட்டதல்ல; அடுப்படி ஆவியில் மாத்திரை நமத்துப்போகும். பாட்டிலோடு துணியில் இறுக்கிச் சுற்றிச் சேலைப் பெட்டியில் வைப்பது மேல்.

இன்னொரு ஓட்டை: கர்ப்பிணிக்குக் கிராம செவிலியர் தரும் இரும்பு, கால்சியம் மாத்திரைகள். வெறும் வயிற்றில் கூடப் போட்டால் டோலுடெக்ராவிர் உடம்பில் சரியாகச் சேராது. கூட்டு மருந்து போட்டு 2 மணி நேரம் கழித்து இரும்பு. இரும்பை முதலில் போட்டால் 6 மணி நேர இடைவெளி. சாப்பாட்டோடு என்றால் சேர்த்தே போடலாம். காலையில் இரும்பு, இரவில் கூட்டு மருந்து என்று வைத்துக்கொண்டால் குழப்பமே இல்லை. செவிலியரிடம் விஷயத்தைச் சொல்லாதவர்களுக்கு இதைச் சொல்லித்தர ஆளில்லை.

லிங்க் மையத்தின் பலம் அது பக்கத்தில் இருப்பது. 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, மெயின் மையம் போகும் வெளியூர் பஸ்ஸுக்குக் காசு வேண்டும், கேட்டால் "எங்கே போறே?" என்ற கேள்வியும் வரும். பலவீனமும் அதேதான். பெரும்பாலும் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் நடக்கும் நம்பிக்கை மைய அறையிலேயே மருந்து தருகிறார்கள். வெளியே வரிசையில் சொந்த ஊர்க்காரர் நிற்பார். பணம் செலவானாலும் பரவாயில்லை என்று மெயின் மையத்துக்கே போகிறவர்களைக் குறை சொல்ல முடியாது.

கர்ப்பப் பரிசோதனையில் பெரும்பாலும் மனைவிக்குத்தான் முதலில் தெரியவரும். முதலில் தெரிந்தவள் தலையிலேயே பழியும் விழும். கணவரையும் பரிசோதனைக்கு அழைத்து, இருவரையும் உட்கார வைத்துப் பேசும் ஆலோசகர் இருந்தால் அந்த மையத்துக்கு இன்னும் இரண்டு மார்க் தரலாம். அடி, விரட்டல் பயம் இருந்தால் கணவரிடம் சொல்லக் கூடாது என்று 2017 எச்.ஐ.வி. சட்டமே மருத்துவப் பணியாளரைத் தடுக்கிறது. இது பல ஆலோசகர்களுக்கே தெரிவதில்லை.

மருந்து இருப்பு எப்போதும் ஒரு சீராக இருக்காது. 2022-இல் டெல்லியில் நாக்கோ (தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு) அலுவலக வாசலில் நோயாளிகள் உட்கார்ந்தது இதற்காகத்தான். நிலையாக இருப்பவர்கள் 3 மாத மருந்து கேட்டுப் பாருங்கள். பாட்டிலில் ஒரு வார மாத்திரை மீதி இருக்கும்போதே கிளம்புங்கள். இல்லை என்று திருப்பி அனுப்பினால் எய்ட்ஸ் உதவி எண் 1097-க்கு அடியுங்கள்.