செங்குத்து வெக்டர்: பெருக்குவதா, சமன்பாடு போடுவதா?

(1, 2, 3), (4, 5, 6) இரண்டுக்கும் செங்குத்தாக ஒரு வெக்டர் வேண்டும். பிளஸ் டூ கணக்குப் படித்தவர் கை உடனே அணிக்கோவை போடும். அதில் கிடைக்கும் வெக்டர் பெருக்கம், அதாவது இரண்டுக்கும் செங்குத்தான வெக்டர், (-3, 6, -3). பொதுக் காரணி -3-ஐ எடுத்துவிட்டால் (1, -2, 1).

இன்னொரு வழி, செங்குத்து என்றால் புள்ளிப் பெருக்கம் (ஒத்த உறுப்புகளைப் பெருக்கிக் கூட்டியது) பூஜ்யம் என்ற இடத்திலிருந்தே தொடங்குவது. விடையை (ப, ம, ச) என்று வைத்தால், ப + 2ம + 3ச = 0, 4ப + 5ம + 6ச = 0. முதல் சமன்பாட்டின் நான்கு மடங்கை இரண்டாவதிலிருந்து கழித்தால் ம = -2ச. அதை முதலாவதில் போட்டால் ப = ச. ச-வுக்கு 1 கொடுத்தால் அதே (1, -2, 1).

முப்பரிமாணத்தில் பெருக்கம்தான் வேகம். அதோடு கூடுதலாக இரண்டு தகவலும் தருகிறது. நீளம் √54, அந்த இரு வெக்டர்கள் அடைக்கும் இணைகரத்தின் பரப்பு. திசை, வலக்கை விதிப்படி ஒரே பக்கம். முப்பரிமாண வரைகலையில் ஒரு முக்கோணத்தின் வெளிப்பக்கம் எது என்று தெரிந்தாக வேண்டும். (1, -2, 1), (-1, 2, -1) இரண்டில் எது என்பதைச் சமன்பாடு சொல்லாது. அந்த வேலைக்குப் பெருக்கமே சரி.

ஆனால் நான்காவது பரிமாணம் வந்ததும் நிலைமை மாறுகிறது. (1, 0, 2, 1), (0, 1, 1, 3) இரண்டுக்கும் செங்குத்தானவற்றைத் தேடுங்கள். இரண்டு வெக்டர்களைப் பெருக்கி ஒரு செங்குத்து வெக்டர் பெறும் இந்த வகைப் பெருக்கம் 3, 7 பரிமாணங்களில் மட்டுமே உண்டு. சமன்பாட்டு முறையோ அசராமல் வேலை செய்கிறது: கடைசி இரண்டு உறுப்புகளுக்கு 1, 0 என்றும் 0, 1 என்றும் கொடுத்தால் (-2, -1, 1, 0), (-1, -3, 0, 1). விடை ஒரு திசை அல்ல, ஒரு தளமே. எத்தனை தனித் திசைகள் என்பதும் முன்கூட்டியே தெரியும்: பரிமாணத்திலிருந்து அணித்தரத்தை (கொடுத்தவற்றில் ஒன்றையொன்று சாராத வெக்டர்களின் எண்ணிக்கையை) கழித்தால் போதும், 4 - 2 = 2. கொடுத்த வெக்டர்கள் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் பெருக்கம் பூஜ்யத்தைக் காட்டி நின்றுவிடும். சமன்பாடு அப்போதும் முழு விடையைத் தரும். முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியது சமன்பாட்டு முறையைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

கிடைத்த இரண்டும் தமக்குள் செங்குத்தா? இல்லை, அவற்றின் புள்ளிப் பெருக்கம் 5. இங்கேதான் ஒரு வெக்டரிலிருந்து மற்றதன் திசையில் உள்ள பகுதியைக் கழித்துச் செங்குத்தாக்கும் கிராம்-ஷ்மிட் முறை தேவைப்படுகிறது. இரண்டாவதிலிருந்து முதலாவதின் 5/6 மடங்கைக் கழித்து, பின்னத்தை நீக்கினால் (4, -13, -5, 6). கையால் போட அருமையான முறை. கணினியில் கிட்டத்தட்ட ஒரே திசையில் இருக்கும் வெக்டர்களைக் கொடுத்தால், கழித்தலில் இலக்கங்கள் தொலைந்து செங்குத்துத்தன்மையே கெட்டுப்போகும். அதற்கு 1958-இல் கணிதவியலாளர் ஹவுஸ்ஹோல்டர் முன்வைத்த பிரதிபலிப்பு முறை நம்பகமானது.

ஒரே ஒரு வெக்டர் கொடுத்தால்? (அ, ஆ, இ)-க்கு (-ஆ, அ, 0) என்ற குறுக்குவழி பலருக்கும் தெரியும். அ, ஆ இரண்டும் பூஜ்யமானால் இது கைவிட்டுவிடும். அதனால் நிரலில் ஒரு நிபந்தனை வைக்க வேண்டியிருக்கிறது. இன்னும் கெட்டிக்காரத்தனமாக யோசித்தால் நிபந்தனை இல்லாத, தொடர்ச்சியான சூத்திரம் கிடைக்குமா? கிடைக்காது. ஒரே நீளமுள்ள வெக்டர்களின் முனைகள் ஒரு கோளத்தின் மேல் இருக்கும்; அவற்றுக்குச் செங்குத்தானவை அந்தக் கோளத்தைத் தொட்டுச் செல்லும் தொடுவெக்டர்கள். கோளத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒன்றாக, எங்குமே பூஜ்யமாகாத, தொடர்ச்சியான தொடுவெக்டர் புலம் இருக்க முடியாது என்ற தேற்றம் அதைத் தடுக்கிறது. நான்கு பரிமாணத்திலோ (அ, ஆ, இ, ஈ)-க்கு (-ஆ, அ, -ஈ, இ) என்று எழுதிவிடலாம். கொடுத்தது பூஜ்ய வெக்டராக இல்லாதவரை அது ஒருபோதும் தவறாது.